தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நாள்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என் இடது கால் சுண்டுவிரல் மரத்துப்போய்க் கிடக்கிறது. இன்று வெள்ளி. வலி இல்லை, வீக்கம் இல்லை. செருப்புக்குள் யாரோ பஞ்சுத் துணுக்கை வைத்துவிட்டதுபோல இருக்கிறது, அவ்வளவுதான். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் உட்கார்ந்த வாக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். நான் நான்கு நாளாக அந்த விரலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகராக இருக்கிறேன். வயது 46. வீட்டுக்காரருக்கு ஒன்பது மா நிலம், அதில் நெல்தான். பதினோரு வருடமாக எனக்கு முடக்குவாதம். உங்கள் சீட்டில் ஆர்.ஏ. என்று இரண்டு எழுத்தில் முடிந்துவிடும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிற வியாதி. இது உங்களுக்குத் தெரியாததல்ல, கூடவே படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பயம் அங்கேதான் பிறந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. நூலகத்துப் பூட்டைத் திறக்க, தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். "நாத்துப் பறிக்கையில தண்ணியில நின்ன குளுருதான்" என்றார் என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தைலம் தேய்த்தேன், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். எட்டு மாதம் போயிற்று. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடியே வரலையாம்மா? எலும்பு அரிச்சிருக்கே."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஆனால் அந்த ஒரு கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி வடுவூர் ஏரி வழியாக வீடு வரைக்கும் வந்தது. இன்னும் போகவில்லை.

நான்கு வருடம் கழித்து, குறுவை நடவு நேரம். பழைய மாத்திரை மட்டும் போதவில்லை என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். சல்ஃபாசலசின். எத்தனை வேளை, எப்போது என்றெல்லாம் சொன்னார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. வாரத்துக்கு ஒருமுறை நான் போடுகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கலாம், அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்களே. கல்லீரல் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரர் அலைந்துகொண்டிருந்தார், அவரிடம் போய் இதையா சொல்வது? எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தார். மூன்று ராத்திரி கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துக் கண் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே விடிந்தது. நான்காம் நாள் முதல் பேருந்து பிடித்து, வரிசையில் நின்று, மதியம் ஒரு மணிக்கு உள்ளே போனேன். இளம் மருத்துவர் ஒருவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாத்திரையோட கலர்தாம்மா அது. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அந்த மாத்திரைக்கு அந்த நிறம் வரும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை, கண் மஞ்சளானால்தான் ஓடிவர வேண்டும். இதை அன்றைக்கே யாராவது ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் மூன்று ராத்திரி மிச்சம். கீழாநெல்லியும் மிச்சம், அதன் கசப்பு சாமானியமானதல்ல.

சரி, அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? இனிமேல் எதற்கும் போகக் கூடாது என்பது. அந்தப் பாடம்தான் என்னைப் படுக்கையில் தள்ளியது.

2021 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. சம்பாப் பயிர் மூழ்கி, தண்ணீரை வடிக்க ஊரே வரப்பில் நின்றது. நானும் நின்றேன், குதிகாலில் வெடிப்போடு. பத்து நாள் கழித்துக் காய்ச்சல். உடம்பு வலி. உடம்பு வலி எனக்குப் புதிதா என்ன? கெண்டைக்கால் இரண்டும் பிழிந்தெடுத்தாற்போல வலித்தன. குளிர்காலம் வந்தால் நம் வியாதி இப்படித்தான் முறுக்கும் என்று இருந்துவிட்டேன். போனால் மறுபடியும் "இதுக்கா வந்தீங்க" என்று கேட்டுவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் மெத்தோட்ரெக்சேட்டுக்கு அதுதான் பெயர், தப்பித்தவறிக்கூடத் தினமும் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த பெயர். ஆறாம் நாள் கண் செங்காயாகச் சிவந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். எலிக்காய்ச்சல்.

எலி இல்லாத வயல் டெல்டாவில் ஏது? மூங்கிலை வளைத்துக் கிட்டி செய்து வரப்புக்கு வரப்பு வைத்துப் பிடிக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் வெடிப்பு வழியாக உள்ளே போனால் வருகிற காய்ச்சல் இது. சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனால் மாத்திரையிலேயே அடங்கிவிடும், முற்றவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவள் காய்ச்சலோடு ஆறு நாள் வீட்டில் கிடக்கலாமா என்று வார்டில் கேட்டார்கள். "முன்னாடியே வரக் கூடாதா?"

பாருங்கள், பழைய கேள்வி திரும்பி வந்துவிட்டது.

இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் நாங்கள் வாழ்கிறோம். முன்னாடியே வரலையா? இதுக்கா வந்தீங்க? நீரிழிவுக்காரர், டயாலிசிஸ் போகிறவர், வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். புதிதாக உடம்பில் ஏதாவது ஒன்று தோன்றினால் எங்களுக்கு முதலில் வருவது அந்த வியாதியின் பயமல்ல. போவதா, இருப்பதா என்ற தவிப்பு. போனால் ஒரு நாள் கூலி, பேருந்துக் காசு, கூட வருகிறவரின் வேலை, அப்புறம் ஒரு சிரிப்பு. போகாவிட்டால் எலும்பு அரித்துவிடும்.

என் மாமனாருக்கு வயது 78. வெண்ணாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிரம்பிப் போகும்போது அந்தக் காலத்தில் ராத்திரிக் காவலுக்குப் போவார்கள். அரிக்கேன் விளக்கு, மண்வெட்டி, மணல் மூட்டை. நண்டு வளை வழியாகக் கரையில் கசிவு தெரிந்தால் யாராவது ஓடிவந்து கூப்பிடுவார்கள். இவர் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பாராம்: "தெளிஞ்சு வருதா, கலங்கி வருதா?" தெளிந்த தண்ணீர் என்றால் ஆற்று நீர் மண்ணுக்குள் வடிகட்டி வருகிறது, ஒருவனை அங்கே பார்க்கச் சொல்லிவிட்டுப் படுக்கலாம். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கிறது. கரை கரைகிறது. அப்போது ஊரையே எழுப்ப வேண்டும்.

ஆறு நிறைய வெள்ளத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் தூங்கியிருக்கிறார். தைரியசாலி என்று சொல்லமாட்டேன், பல்லி விழுந்தால் அலறுகிறவர்தான். எந்தக் கசிவுக்கு எழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் உடம்பின் கரையில் பதினோரு வருடமாக நானும் காவல் நிற்கிறேன். எது தெளிவு, எது கலங்கல் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் பயம் போன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

பயம் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். நெஞ்சு படபடக்கிறது. மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது. வேகமாக மூச்சு விட்டால் விரல் நுனியெல்லாம் சுருசுருவென்று வரும். உடனே அது இன்னொரு புது அறிகுறியாகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கைப்பேசியை எடுப்பேன். கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன்: ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் எல்லா வழியும் புற்றுநோயில் போய்த்தான் நிற்கிறது. ஒருமுறை ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். ஒரு வாரம் தூக்கமே இல்லை, காரணமில்லாத பதற்றம், சும்மா கண்ணீர். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தேன். அந்த மாத்திரைக்கே அந்தக் குணம் உண்டு, காலையில் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தூக்கம் அவ்வளவாகக் கெடாது, ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது என்று மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு மருந்தாளுநர் சொன்ன பிறகுதான் மனம் ஆறியது. பயமே மாத்திரையின் பக்க விளைவாக இருக்கலாம் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

எலிக்காய்ச்சல் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். ஊசியை எடுக்க வந்த செவிலியர் அம்மா, என் சீட்டைத் திருப்பி அதன் வெறும் பக்கத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தார். நான்கு நிமிடம் இருக்கும். காய்ச்சல் வந்தால் அன்றே வா, அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைக் கேட்காமல் போடாதே. புதிதாக வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்கல், அன்றே வா. வாய் முழுக்கப் புண், அடிபடாமலே ரத்தக்கட்டு, கண் மஞ்சள், அன்றே வா. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிக் கொதித்தால் அன்றே வா. கண் சிவந்து வலித்தால், கையோ காலோ வலுவிழந்தால், பாதம் தொங்கினால், அன்றே வா. மார்வலி, பேச்சுக் குழறல் என்றால் எங்களைத் தேடாதே, 108-ஐக் கூப்பிடு. கடைசி வரி: "மத்ததெல்லாம் ஒரு வாரம் பாரு. போகலேன்னா வா. யாரும் திட்ட மாட்டாங்க."

அந்தச் சீட்டை மன்னார்குடியில் இருபது ரூபாய் கொடுத்து லேமினேஷன் செய்து, அரிசி டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். "யாரும் திட்ட மாட்டாங்க" என்ற வரியைப் படித்துவிட்டு நான் அழுததை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் கேலி செய்வார்.

அப்புறம் நானாக ஒன்று செய்தேன். நூலகத்தில் பழைய வாசகர் வருகைப் பதிவேடு ஒன்று, பாதி எழுதாமல் கிடந்தது. வரிசை எண், தேதி, பெயர், முகவரி, கையொப்பம் என்று அச்சடித்த கட்டங்கள். பெயர்க் கட்டத்தில் வந்த தொல்லையின் பெயரை எழுதுவேன்: குத்தல், எரிச்சல், மரப்பு. முகவரிக் கட்டத்தில் உடம்பில் எந்த இடம் என்று. கையொப்பக் கட்டத்தைக் காலியாக விட்டு, அது போன அன்று தேதி போட்டு நானே கையெழுத்து இடுவேன். எழுதிவிட்டால் அடுத்த நாள் காலை வரை அதைத் தொடக் கூடாது, அமுக்கிப் பார்க்கக் கூடாது, கைப்பேசியில் தேடக் கூடாது. இது நானே போட்டுக்கொண்ட சட்டம். மூன்று முறையாவது மீறியிருப்பேன்.

இதுவரை 62 பேர் வந்து போயிருக்கிறார்கள். 53 பேர் ஒரு வாரத்துக்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாமாகவே போய்விட்டார்கள். 6 முறை வியாதியே கிளம்பியது. 2 முறை மாத்திரையின் வேலை. ஒன்று எலிக்காய்ச்சல், அதைப் பின்னால் நினைவிலிருந்து முதல் ஆளாகச் சேர்த்தேன். இந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் புதிதாக ஒன்று வரும்போது பதிவேட்டைப் புரட்டினால், இதே முகவரிக்கு முன்பு வந்தவர் ஐந்தாம் நாள் போயிருப்பது தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அது கைப்பேசியைவிட நல்ல துணை.

எங்கள் பக்கம் நாங்கள் செய்ய முடிந்தது இவ்வளவுதான். உங்கள் பக்கம் நான் கேட்பது அந்தச் சீட்டின் பின்பக்கத்தை. நாள்பட்ட நோயாளி ஒவ்வொருவருக்கும், அவரவர் வியாதிக்கும் அவரவர் மாத்திரைக்கும் ஏற்றபடி, எதற்கு அன்றே வர வேண்டும், எதற்கு ஒரு வாரம் காத்திருக்கலாம் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். கையால் எழுத நேரமில்லை என்றால் வியாதிவாரியாக அச்சடித்து வைத்துக்கொண்டு, பொருந்துகிற வரிக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஓ.பி. வரிசை வெளிவாசல் வரை நிற்பதை நானும் பார்க்கிறேன். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட உங்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஆரஞ்சு சிறுநீருக்காக நான் அன்று எடுத்த டோக்கனும் அந்த வரிசையில்தானே இருந்தது? காத்திருக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் தலையில் விழுமே என்று ஒரு மருத்துவர் என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான பயம். ஆனால் எழுதிக் கொடுக்காததால் ஆறு நாள் காய்ச்சலோடு கிடந்தது யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

புது மாத்திரை சேர்க்கும்போது, அதனால் வரக்கூடிய பயமுறுத்தும் ஆனால் கெடுதலில்லாத விஷயம் ஒன்று இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சீட்டின் முன்பக்கத்தில் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர் என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதுங்கள். நீர்க்கடுப்பு என்று போனால் இன்னொரு இடத்தில் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்களின் உற்பத்தியே விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அந்தப் பெயரை உச்சரிக்கக்கூட வராது.

துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருகிற தன்னார்வலப் பெண் எங்கள் தெருப் பெண்தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறாள். அவள் குறிப்பேட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க முடியுமா? "புதுசா ஏதாச்சும் இருக்கா?" மாமியார் ஐந்து மாதமாகப் பாதம் எரிவதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். உடம்பைப் பற்றிக் கேட்க 104 இருக்கிறது, மனம் தாங்காதபோது பேச 14416 இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் அதே சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டால் என்ன?

சுண்டுவிரலுக்கு வருகிறேன். பதிவேட்டில் அது 63. பெயர்: மரப்பு. முகவரி: இடது கால், கடைசி வீடு. பாதம் தொங்கவில்லை, குதிகாலால் நடக்க முடிகிறது, நுனிக்காலில் நிற்க முடிகிறது. சீட்டைப் பார்த்தேன். ஒரு வாரம் என்கிற வரியில்தான் வருகிறது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, இன்று காலையும் இரண்டு முறை கிள்ளிப் பார்த்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்று அதற்கு ஒரு தவணை இருக்கிறது. இப்போது மணி பத்து. வேலையைப் பார்க்கப் போகிறேன். கையொப்பக் கட்டம் காலியாகவே இருந்தால் புதன்கிழமை முதல் பேருந்தில் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஊர்ப்புற நூலகர்,
மன்னார்குடி வட்டம்.